காவடி எடுக்காத வருஷம்

வயதானால் தானாக விட்டுவிடும் என்று என்னிடம் சொல்லாத ஆள் கிடையாது. முப்பது வயதில் என் மாமியார் சொன்னார். நாற்பதில், துறைமுகத்தில் எனக்கு மேலாளராக இருந்த மலாய்க்காரர் சொன்னார். ஐம்பதில் நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். குடி என்பது பால் பல் மாதிரி, நாள் வந்தால் ஆடி ஆடி விழுந்துவிடும், அதை எதற்கு இப்போதே கைவைத்து அசைக்க வேண்டும் என்று ஒரு நம்பிக்கை. இப்போது எனக்கு அறுபத்து மூன்று. கடைவாய்ப் பல் இரண்டு விழுந்தன. மற்றது விழவில்லை.

கிள்ளான் துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் கிரேன் ஓட்டினேன். தரையிலிருந்து பல மாடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு. காலடியிலும் கண்ணாடிதான். கீழே கப்பல், கண்டெய்னர், எறும்பு அளவில் ஆட்கள். மழை வந்தால் கடலும் வானமும் ஒன்றாகிவிடும், நான் எங்கேயும் ஒட்டாமல் நடுவில் தொங்கிக்கொண்டிருப்பேன். அந்தக் கூண்டில் ஒரு நாளும் குடித்துவிட்டு ஏறியதில்லை. வேலை முடிந்து இறங்கி, சீனர் கோப்பிக்கடையில் உட்கார்ந்த பிறகுதான் முதல் பீர் போத்தல். இதில் எனக்கு மகா பெருமை. குடிகாரனுக்கு இப்படி இரண்டு மூன்று சட்டங்கள் இருந்தால் போதும், தன்னை நீதிபதி என்றே நினைத்துக்கொள்வான்.

இதைவிடப் பெரிய பெருமை ஒன்றும் இருந்தது. வருடா வருடம் தைப்பூசத்துக்குப் பத்துமலையில் காவடி எடுப்பேன். அதற்கு விரதம் நாற்பத்தெட்டு நாள். அந்த நாற்பத்தெட்டு நாளும் ஒரு சொட்டு தொட மாட்டேன். முப்பது வருடத்தில் ஒரு முறைகூடத் தவறியதில்லை. இதைச் சொல்லும்போது இன்றும் என் நெஞ்சு கொஞ்சம் நிமிர்கிறது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் நிமிர்கிறது.

விரதம் தொடங்குவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை நானும் என் மனைவியும் கிள்ளானில் கொமியூட்டர் ரயில் ஏறுவோம். ஷா ஆலம், சுபாங் ஜெயா என்று நிலையம் நிலையமாக நின்று போகும். கார்த்திகைக் கடைசி, மழைக்காலம். ஜன்னலுக்கு வெளியே எல்லாம் கரைந்து ஓடும். தொழிற்சாலைக் கூரைகள், அடுக்குமாடிகளில் காயாத துணிகள், யாரோ தண்டவாளத்து ஓரத்தில் நட்டு வைத்த நாலு வாழைமரம். என் மனைவி என் தோளில் சாய்ந்து தூங்கிப்போவாள். கேஎல் சென்ட்ரலில் இறங்கி பிரிக்பீல்ட்ஸுக்கு நடப்போம். அவள் பிறந்து வளர்ந்த இடம் அது. ரயில்வேயில் வேலை பார்த்த அப்பா, வரிசை வீடுகளில் ஒரு வீடு. அந்த வீடுகள் இப்போது இல்லை. ஆனாலும் அங்கே கால் வைத்ததும் அவள் நடை மாறிவிடும், எனக்கு முன்னால் போவாள். மஞ்சள் வேட்டி, ருத்திராட்ச மாலை, சாம்பிராணி, கற்பூரம் எல்லாம் அவள்தான் பார்த்துப் பார்த்து எடுப்பாள். மாலை ஒவ்வொரு வருடமும் புதிதாகத்தான் வாங்க வேண்டியிருக்கும். விரதம் முடிந்த சாயங்காலங்களில் நான் தொலைத்த பொருட்களில் பழைய மாலையும் ஒன்று.

அப்புறம் அந்த நாற்பத்தெட்டு நாட்கள். அவற்றை நினைத்தால் எனக்கு எல்லாம் ஒரே விடியற்காலையாகத்தான் ஞாபகம் வருகிறது. ஐந்து மணிக்குப் பச்சைத் தண்ணீரில் குளியல். ஈரத்தோடு சாமி மேடை முன் விபூதி. அடுப்படியில் அவள் பால் காய்ச்சுவாள். ஜன்னலுக்கு வெளியே கறுப்பு, நீலமாகி, சாம்பலாகி, பக்கத்து வீட்டு ரம்புத்தான் மரம் கிளை கிளையாகத் தெரிய ஆரம்பிக்கும். விரதத்தில் நான் தரையில் பாய் விரித்துப் படுப்பேன், அவள் கட்டிலில். தனித்தனியாகத் தூங்கிய அந்த நாட்களில்தான் நாங்கள் புருஷன் பெண்டாட்டியாக இருந்தோம். வேடிக்கை, ஆனால் நிஜம்.

அவள் கனவுகளைச் சொல்வது அந்த அடுப்படியில்தான். பிரிக்பீல்ட்ஸில் அவள் பிறந்த வீடு தண்ணீருக்கு அடியில் இருக்கும், வீட்டுக்கு முன்னால் ரயில்கள் தண்ணீருக்குள்ளேயே சத்தமில்லாமல் போகும், அவளுடைய அப்பா மூச்சுத் திணறாமல் நின்று பச்சைக் கொடி காட்டுவார், கொடி மெதுவாக மெதுவாக அசையும். இப்படி ஒரு கனவு. இன்னொன்றில் எங்கள் மகள் கைக்குழந்தையாகவே இருந்துகொண்டு லோரி ஓட்டுவாள். நான் கேட்டுச் சிரிப்பேன். ஒரு தடவை கேட்டேன்.

“மத்த நாள்ல உனக்குக் கனவு வராதா?”

“வரும். விடியறப்ப நீங்க குறட்டை விட்டுக்கிட்டு இருப்பீங்க. சொல்ல ஆள் இல்லன்னா மறந்துபோயிடும்லா.”

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. நான் அந்தப் பாலைக் குடித்துவிட்டு வேலைக்குப் போனேன்.

தைப்பூசத்தன்று காவடி. உறுமி மேளத்தின் அடி நெஞ்சுக்குள் இறங்கிவிட்டால் பிறகு படிகள் தெரியாது, வெயில் தெரியாது. யாரோ என் உடம்பை எடுத்துக்கொண்டு போய் மேலே வைத்துவிட்டு இறக்கியது மாதிரி இருக்கும். மூன்றாம் நாள் இடும்பன் பூஜை. எங்கள் காவடிக் குழுவில் அதையும் சேர்த்துத்தான் நாற்பத்தெட்டு. குழுவை நடத்துகிற அண்ணனுக்கு ஜெஞ்சாரோம் பக்கம் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு கம்பத்து வீடு, கிராமத்துப் பலகை வீடு. அங்கே கோழிக்கறி, சுருட்டு, கறுப்பு ஸ்டவுட் பீர் எல்லாம் வைத்துப் படைப்போம். மாலையைக் கழற்றியதும் அண்ணன் ஸ்டவுட்டைக் குவளைகளில் ஊற்றி, பிரசாதம் என்று ஆளுக்குக் கொஞ்சம் கொடுப்பார். கொஞ்சம்தான். மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்வோம். சாயங்காலம் என்னைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து வீட்டில் விடுவார்கள்.

மறுநாள் நாற்பத்தொன்பதாவது நாள். அந்த நாளை நான் தெளிந்த கண்ணோடு பார்த்ததே கிடையாது.

ஆனால் என் மூளை என்ன செய்தது தெரியுமா? நாற்பத்தெட்டு நாளை எடுத்துச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொண்டது. கோப்பிக்கடையில் எவனாவது எனக்குப் புத்தி சொன்னால், “நான் நினைச்சா நாளைக்கே நிறுத்திடுவேன். வருஷா வருஷம் நிறுத்திக் காட்டுறேன்ல?” என்பேன். சாமியே எனக்குச் சான்றிதழ் கொடுத்திருக்கிறாரே! வேறு ஊரில் வேறு குடிகாரர்களுக்கு இந்த வசதி உண்டா என்று தெரியவில்லை. எங்களில் எத்தனையோ பேர் இப்படித்தான் ஏமாந்தோம். விரதம் இருக்க முடிந்தவனுக்கு வியாதி இருக்காது என்று நினைத்தோம்.

வயது உதவவே உதவாது என்றும் நான் சொல்ல மாட்டேன். என்னோடு அடுத்த கிரேனில் இருந்த நண்பர் என்னைவிட நாலு வயது மூத்தவர், என்னைவிடக் கனமாகக் குடித்தவர். ஐம்பத்தைந்தில் ஒரு நாள் கோப்பிக்கடையில் உட்கார்ந்தார், பால் விடாத தே ஓ ஒன்று சொன்னார், அவ்வளவுதான். விரதமும் இல்லை, டாக்டரும் இல்லை.

“என்னாச்சுண்ணே?” என்று கேட்டேன்.

“போரடிச்சிருச்சி லா,” என்றார்.

எனக்கு அவர்மேல் வந்த கோபம் இருக்கிறதே! பொறாமைதான், வேறென்ன. எனக்கும் போரடிக்கும் நாளுக்காக அன்றிலிருந்து காத்திருந்தேன். ஐம்பத்தைந்து வந்தது, போனது. முன்னே நாலு போத்தலுக்கு ஏறியது இரண்டிலேயே ஏறியது. முன்னே காலையில் தெளிந்தது மத்தியானம்வரை தெளியவில்லை. வயது எனக்குச் செய்து கொடுத்தது இவ்வளவுதான்.

அறுபதில் பென்சன் வந்தது. கூடவே முட்டியும் போனது. நடந்தால் உள்ளே எதுவோ உரசும். ஷா ஆலம் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்கு மகள் கூட்டிப்போனாள். டாக்டர் எங்கள் மகள் வயதுப் பெண், தமிழ்ப் பெண். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“படி ஏறவே கூடாது அங்கிள். பத்துமலை எல்லாம் மறந்துடுங்க. குடிப்பீங்களா?”

“குடிப்பேன். ஆனா வருஷத்துல நாப்பத்தெட்டு நாள் சுத்தமா தொட மாட்டேன்.”

அவள் சிரிக்கவில்லை. “மத்த முந்நூத்துப் பதினேழு நாள்?” என்று கேட்டாள்.

அந்தக் கணக்கை அதுவரை நான் போட்டதே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் போட்டிருப்பாள் என்று எனக்குத் தோன்றியது.

இருந்தாலும் அவளுக்கு அப்போது உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். வேலை இல்லை, உடம்பு தளர்ந்துவிட்டது, டாக்டரும் பயமுறுத்திவிட்டார், இனிமேல் இந்த மனுஷன் எங்கே போய்விடப் போகிறார் என்று நினைத்தாள். முப்பது வருடமாக எல்லாரும் சொன்ன அந்த வயது ஒருவழியாக வந்துவிட்டது அல்லவா!

கார்த்திகைக் கடைசி ஞாயிறு வந்தது. காலையிலேயே குளித்துச் சேலை கட்டி, தலையில் பூ வைத்து, கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

“பிரிக்பீல்ட்ஸ் போலாமா?” என்றாள்.

“எதுக்கு? இந்த வருஷம்தான் காவடி இல்லையே.”

சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். அவள் தனியாக ரயிலேறிப் போய்விட்டு மத்தியானம் திரும்பி வந்தாள். கையில் எதுவும் இல்லை. மழையில் நனைந்திருந்தாள். தலையில் வைத்த பூ அப்படியே இருந்தது.

அந்த வருடம் காவடி இல்லை, அதனால் விரதம் இல்லை, அதனால் இடைவெளியே இல்லை. தைப்பூசத்தன்று கோப்பிக்கடையில் உட்கார்ந்து தொலைக்காட்சியில் காவடிகளைப் பார்த்தேன். உறுமி அடித்தது, கையில் குவளை. உடம்பு ஒரு கணம் எழுந்து போகப் பார்த்தது. அழுதேன் என்றும் பக்கத்திலிருந்தவர்கள் சொன்னார்கள். எனக்கு நினைவில்லை.

வயது என் குடியைப் பிடுங்கவில்லை. என் காவடியைப் பிடுங்கிக்கொண்டது. வருடத்தில் என்னை ஒரு முறை நிறுத்தி வைத்த ஒரே பிடி அதுதான், அது முட்டியோடு போய்விட்டது.

மாசி பிறந்து ஒரு வாரம் இருக்கும். என் மனைவி ஒரு நீலப் பையில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். சுபாங் ஜெயாவில் மகள் வீட்டுக்கு. சண்டை எதுவும் நடக்கவில்லை. சண்டை போட்டிருந்தால் எனக்குப் பதில் சொல்லத் தெரியும்.

“நான் உங்களைக் கல்யாணம் பண்ணிக்கிட்டது வருஷத்துக்கு நாப்பத்தெட்டு நாளைக்குத்தான். அது போதும்னு இருந்தேன். மிச்ச நாளெல்லாம் அதுக்காகக் காத்துக்கிட்டு இருந்தேன். இந்த வருஷம் அது வரல. இனிமே வராது.”

அவள் போன பிறகு வீடு பெரிதாகிவிட்டது. நான் அதிகம் குடித்தேன், வேறென்ன செய்வேன். காலை பதினோரு மணிக்கு, மழை பெய்யும்போது, பெய்யாதபோது. சில நாள் தெளிவாக இருந்தால் ரயில் ஏறிவிடுவேன். சுபாங் ஜெயாவில் கதவு திறக்கும், நிற்கும், மூடும். இறங்க மாட்டேன். பிரிக்பீல்ட்ஸ்வரை போய், அவளுடைய பழைய வீடு இருந்த இடத்தில் நிற்கும் கட்டடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவேன். மறுபடி சுபாங் ஜெயா, மறுபடி கதவு. கண்ணாடிக்கு வெளியே பிளாட்பாரம் நீரோட்டத்தில் போவதுபோல் பின்னால் போகும். பங்குனி, வைகாசி, ஆவணி என்று மாதங்களும் அப்படியே போயின. எனக்குப் பயமாக இருந்தது. சாவதற்குப் பயமில்லை. அவள் இல்லாமல் இன்னும் ரொம்ப நாள் உயிரோடு இருந்துவிடுவேனோ என்று பயம்.

கார்த்திகைக் கடைசியில் போன் பண்ணினேன்.

“பிரிக்பீல்ட்ஸ் போலாமா? மாலை வாங்கணும்.”

“உங்களால படி ஏற முடியாதே,” என்றாள்.

“ஏறல. விரதம் மட்டும்.”

“காவடி இல்லாம எதுக்கு விரதம்?”

“நீ வருவேன்னுதான்,” என்றேன். சாமிக்கு இது கேட்டிருக்கும். கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் கிள்ளானில் ஏறினேன். சுபாங் ஜெயாவில் கதவு திறந்தது. முதலில் மடக்குச் சைக்கிளோடு ஒருவர் ஏறினார், பிறகு இரண்டு மாணவிகள். பிறகு அவள், அந்த நீலப் பையோடு. எதிர் இருக்கையில் உட்கார்ந்தாள். வெளியே வெயிலும் மழையும் ஒன்றாக இருந்தன. பிரிக்பீல்ட்ஸ் கடையில் மாலையை மட்டும் அவளே எடுத்தாள்.

“நாப்பத்தெட்டு நாள் இருப்பேன். அப்புறம் போயிடுவேன். சொல்லாமப் போயிட்டேன்னு இருக்கக் கூடாது,” என்றாள்.

அந்த விரதம் பழைய விரதங்கள் மாதிரி இல்லை. முதல் வாரம் கை நடுங்கி விபூதிக் கோடுகள் கண்ணுக்குள் இறங்கின. வேர்த்துக் கொட்டியது. பகலிலேயே அறை மூலையில் கடல் தெரிந்தது, அதில் என் கிரேன் தனியாக நின்றது. மனைவி பயந்துபோய் அந்த டாக்டர் பெண்ணிடம் கூட்டிப்போனாள். இத்தனை வயதில் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து, முன்னாடியே வந்திருக்கணும் அங்கிள் என்று அவள் கத்தினாள். இரண்டு நாள் படுக்க வைத்து, மாத்திரை கொடுத்து, வாரா வாரம் வரச் சொன்னாள். இளவயதில் சும்மா தாண்டிய வாய்க்காலை நான் அந்த முறை தவழ்ந்து கடந்தேன்.

இடும்பன் பூஜைக்கு இருவரும் ஜெஞ்சாரோம் போனோம். அவள் நீலப் பையையும் எடுத்துக்கொண்டாள். பூஜை முடிந்ததும் மகள் கார் கொண்டுவந்து கூட்டிப்போவதாக ஏற்பாடு. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மத்தியான வெயில் செம்பனை ஓலைகளுக்கு ஊடாக விழுந்து எல்லார் மேலும் ஆடிக்கொண்டிருந்தது. மாலையைக் கழற்றாமலே இருந்துவிடலாமா என்று ஒரு யோசனை ஓடியது. கழற்றாதவரை சாமியின் பொறுப்பு. ஆனால் அதே ஏமாற்றைத்தான் முப்பது வருடம் செய்தேன். கழற்றினேன். கழுத்து வெறுமையாக இருந்தது.

அண்ணன் ஸ்டவுட்டை ஊற்றிக் குவளையை நீட்டினார். பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு நாக்கு எழாது. இரண்டு கையாலும் வாங்கினேன். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் வாய் ஊறியது. பொய் சொல்ல மாட்டேன், உடம்பு முழுவதும் ஊறியது. குவளையை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தேன்.

“என்னா மச்சான், சாமி குடுத்ததுலா,” என்றார் அவர்.

“அதான் கண்ணுல வாங்கிக்கிட்டேனே,” என்றேன்.

திரும்பிப் பார்த்தேன். என் மனைவி என்னைப் பார்க்கவில்லை, போனில் மகளிடம் பேசிக்கொண்டிருந்தாள். வேண்டாம், இன்றைக்கு வர வேண்டாம், நாளைக்குச் சொல்கிறேன் என்பது மட்டும் காதில் விழுந்தது.

மறுநாள் ஐந்து மணிக்கு எழுந்தேன். விரதம் முடிந்துவிட்டது, எழ வேண்டியதில்லை. தேத்தண்ணி போட்டேன். அவள் அடுப்படி வாசலில் வந்து நின்று என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு கோப்பையை வாங்கிக்கொண்டாள். அன்றைக்கும் போகவில்லை, அதற்கு மறுநாளும் போகவில்லை.

இப்போது ஏழு மாதம் ஆகிறது. வாசலில் இருந்த பை படுக்கையறை மூலைவரை வந்தது, அங்கேயே நின்றுவிட்டது. பையிலிருந்து சேலையை எடுப்பாள், உடுத்துவாள், துவைப்பாள், இஸ்திரி போட்டு மறுபடி பையிலேயே வைப்பாள். அலமாரியில் பாதியை நான் காலி செய்து வைத்திருக்கிறேன். போன சனிக்கிழமை காலையில் என்னால் பொறுக்க முடியவில்லை.

“ஏழு மாசமாச்சு. அலமாரி சும்மாதானே இருக்கு?”

கோபப்படாமல், மடித்துக்கொண்டிருந்த சேலையிலிருந்து கையை எடுக்காமல் சொன்னாள்.

“உங்களுக்கு ஏழு மாசம். எனக்குத் தெனமும் நாப்பத்தொன்பதாவது நாளுதான்.”

நியாயம்தான். முப்பது வருடம் அந்த நாளை அவள் தனியாகத்தான் பார்த்தாள். நான் பாசாருக்குப் போக எழுந்தேன். மீன் வாங்க வேண்டும், போகிற வழியில்தான் கோப்பிக்கடை. “பத்து மணிக்கு வந்துடறேன்,” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ஒன்பதரைக்கே வந்துவிட்டேன். அவள் வாசல் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள்.